சிறு வானூர்திக்கு வண்ணந் தீட்டல்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கீழ்க்கோடியில், கடலை நோக்கி அமர்ந்திருக்கும் மீமிசல் எம் ஊர். அவ்வூர் சார்ந்த வட்டத்திற்குத் தலையூர் ஆவுடையார்கோயில். திருவாதவூரடிகள் வரலாற்றோடு இயைந்த அத்தலத்துக் கொடுங்கைகளை முதன்முறை காண்போர் அவற்றை மரவேலையென்றே கருதுவர். சட்டங்களும், அவற்றின் குறுக்கே ஓடும் வரிச்சுகளும், அவற்றை இறுக்கிய குமிழாணிகளும் ஆகிய எல்லாம் கருங்கல்லே. பண்டைநாளிற் கோயிற்பணிக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த கற்றச்சர், ஆவுடையார்கோயிற் கொடுங்கை போல்வன நீங்கலாக ஏனையவற்றைச் செய்து தருவோம் என்று எழுதுவர் என்பது எம் பக்கத்து வழிவழி வழங்கும் செய்தி. ஒரு பொருளை வேறொரு பொருளாற் செய்து, காண்பார் கண்ணுக்கு அதுவே இதுவெனத் தோன்றச் செய்வது எத்துணை அரிதென்பது இதனாற் புலனாம். யாம் ஈண்டு எழுதப் புகுந்ததும் அவ்வகைத் தொழிலொன்றே. ஓரடி நீளமுள்ள பிளாஸ்டிக் உருவினை, அலுமினியமும் டைட்டானியமும் கொண்டியன்ற போர் ஜெட் விமானமாகக் கண்ணுக்குக் காட்டுதலே அது. இதனைச் சிறுபிள்ளை விளையாட்டென்று தள்ளும் நண்பர் சிலர் எம் விடுதியில் உளர். அவர் இக்கட்டுரையை இறுதிவரை படிப்பாராக.

யாம் எடுத்துக்கொண்ட விமானம் சுகோய் 30 எம்.கே.ஐ. என்பது. இந்திய விமானப்படையில் 2002-ஆம் ஆண்டு முதற்கொண்டு பயன்பட்டு வரும் இதனை யாம் தேர்ந்தமைக்குக் காரணம் அண்மையேயாம். தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி 20-ஆம் நாள், 'டைகர்ஷார்க்ஸ்' எனப் பெயரிய 222-ஆம் அணி இவ்விமானங்களோடு நிலைபெற்றது. 1969-இல் முதன்முதல் தோன்றிய அணி அது. தஞ்சைக்கும் எம் ஊருக்கும் நேர்க்கோட்டிற் கணக்கிடின் ஏறத்தாழ 90 கிலோமீட்டரே. மணிக்கு 900 கிலோமீட்டர் விரையும் விமானத்திற்கு அஃது ஆறு நிமிட வழி. பேருந்தேறிச் செல்லும் எமக்கோ மூன்று மணி நேரத்திற்குக் குறைந்ததில்லை.

இனி அளவினைக் கூறுவாம். சிறு விமானம் செய்வோர் பெரிதும் கைக்கொள்வது எழுபத்திரண்டில் ஒரு கூறு என்னும் அளவு. அஃதாவது ஆறடி ஓரங்குலமாதல். ஆறடி உயரமுள்ள ஆடவன் இவ்வளவையில் ஓரங்குலப் பதுமையாவான். கணக்கின் எளிமையே இவ்வளவை நிலைத்தமைக்கு ஏதுவாயிற்று. 1930-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் 'ஸ்கைபேர்ட்ஸ்' என்ற பெயரோடு விற்ற மரத்துண்டுப் பெட்டிகளும், 1936-இல் வெளிவந்த 'ஃபிராக் பெங்குயின்' என்னும் பிளாஸ்டிக் பெட்டிகளும் இதனையே மேற்கொண்டன. 1942-இல் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளி மாணாக்கரைக் கொண்டு ஐந்து லக்ஷம் மர விமானங்களைச் செய்விக்க முற்பட்டபோதும் அளவு இதுவே. அவற்றுக்கு முழுதும் கருநிறமே பூசினர். வீரருக்கு அங்கே வேண்டியது வண்ணமன்று. வானத்தில் தோன்றும் நிழலுருவை நோக்கி, வருவது நம்முடையதோ மாற்றாருடையதோ என நொடியிற் றுணியும் பயிற்சியே. சுகோய் விமானம் 21.9 மீட்டர் நீளமும் 14.7 மீட்டர் சிறககலமும் உடையது. எழுபத்திரண்டாற் குறுக்கின் அது முப்பது சென்டிமீட்டருக்குச் சற்று மிக்க நீளமும் இருபது சென்டிமீட்டர் அகலமுமாகச் சுருங்கும். விடுதி மேசையின் ஒரு மூலை அதற்குப் போதும்.

பெட்டியினுள் வரும் துண்டுகளை ஒட்டுதல் எவர்க்கும் கைவருவதாகலின் அதனை விரிக்கேம். ஒட்டுப் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்கும். ஒட்டுவாய் தெரியுமிடங்களிற் பட்டி பார்த்து, உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து மழமழப்பாக்கல் வேண்டும். மரத்தச்சர் கதவுக்குச் செய்வதும் இதுவே. விமானி இருக்குமிடத்தை மட்டும் உடலை மூடுமுன்னரே தீட்டிவிடுதல் வேண்டும். மூடியபின் அங்குத் தூரிகை புகாது.

வண்ணந் தீட்டப் புகுவோர் முதற்கண் உணரற்பாலது, எழுபத்திரண்டு என்னும் எண் எல்லாவற்றையும் பெருக்கிக் காட்டும் என்பதே. விமானத்தின் உடல் பல தகடுகளாற் பொதியப்பட்டது. தகட்டுக்குந் தகட்டுக்கும் இடையே மெல்லிய கோடொன்று உண்டு. பெட்டியில் வரும் பிளாஸ்டிக்கில் அக்கோட்டினை 0.2 மில்லிமீட்டர் அகலத்திற் பொறித்திருப்பரெனக் கொள்வோம். எழுபத்திரண்டாற் பெருக்கின் அஃது ஏறத்தாழ ஒன்றரைச் சென்டிமீட்டர். நம் சிறுவிரல் எளிதில் நுழையும். தகடுகளினிடையே அத்தகைய விரிசலுடைய விமானத்தில் ஏற எவரும் ஒருப்படார். இங்ஙனமாகவும், அக்கோடுகள் அனைத்திலும் கருமையை ஊற்றி, விமானத்தைச் சதுரங்கப் பலகையாக்கி விடுவோரே மிகப் பலர். போட்டிகளிற் பரிசு பெறும் விமானங்களிலும் இக்குறை உண்டென்பது எம் கருத்து. அடிக்கடி திறந்து மூடப்பெறும் கதவுகளின் விளிம்பில் மட்டும் சிறிது கருமை கொடுத்து, ஏனைய கோடுகளை உடல் நிறத்தினும் ஒரு சாயல் மிகுந்த சாம்பலால் விடுதலே உண்மைக்கு அணித்து. வண்ணத்தின் கனமும் அவ்வாறே. காகிதத்தளவு பருமன் கொண்ட பூச்சு, பெருக்கிப் பார்ப்பின் சுவருக்குப் பூசிய சாந்தாகிவிடும். ஆதலின் ஏர்பிரஷ் என்னும் தூவுகருவியால், பால்போல் இளக்கிய வண்ணத்தைப் பல முறை மென்படலமாகத் தூவுதல் நன்று.

நிறத்திற்கும் அளவு உண்டு என்பது பலர் அறியாதது. மீமிசற் கரையில் நின்று நோக்குமின். அருகே கட்டிய படகின் நீலமும், கடலிற் சென்றுவிட்ட அதே வகைப் படகின் நீலமும் ஒன்றல்ல. இடையேயுள்ள காற்று ஒளியைச் சிதறச்செய்து, சேய்மையிலுள்ள நிறத்தை வெளுப்பாக்கும். ஓரடித் தொலைவில் வைத்துக் காணும் நம் விமானம், உண்மையில் எழுபத்திரண்டடிக்கு அப்பால் நிற்கும் விமானத்தின் தோற்றத்தையே தரவேண்டும். ஆகவே உண்மை விமானத்திற் பூசிய அதே சாம்பலை அணுவும் பிறழாமற் கொணர்ந்து பூசினும் அது கண்ணுக்கு மிகக் கருத்தே தோன்றும். சிறிது வெண்மை கலத்தல் வேண்டும். இதே நியாயத்தால் டயருக்கு முழுக் கருமையும், விமானப்படை வட்டக்குறியின் வெள்ளைக்கு முழு வெண்மையும் ஆகா.

எம் ஊர்க் காற்றோ இத்தொழிலுக்குப் பகை. லாக்கர் வகை வண்ணம் உலரும்பொழுது அதிலுள்ள தின்னர் விரைந்து ஆவியாகி, பூசிய பரப்பைக் குளிர்விக்கும். ஈரமிக்க காற்று அக்குளிர்ந்த பரப்பைத் தீண்டியவுடன் அதன்கண் உள்ள நீர் நுண்துளியாகப் படிந்து, வண்ணம் பால்பூத்தாற்போல் வெளுக்கும். ஐப்பசி கார்த்திகைகளிற் கடற்கரையில் இதனைத் தவிர்த்தல் அரிது. மாசி பங்குனிகளில், வெயில் ஏறிப் பனியீரம் நீங்கிய முற்பகலில், கடற்காற்று எழுமுன்னர்த் தூவிவிடுதலே யாம் கண்ட வழி.

இனி, இத்தொழிலில் எமக்கு மிக உவப்பான பகுதியைச் சொல்லுவாம். வெயிலிலும் மழையிலும் நின்ற விமானத்தின் வண்ணம் ஒரே சீராக இராது. ஓரிடம் வெளுத்தும் ஓரிடம் நிறம் நின்றும் திட்டுத்திட்டாகத் தோன்றும். அதனைத் தூரிகையால் வரைந்தால் வரைந்தது போலவே இருக்கும். மனிதர் கை எத்துணை முயன்றும் ஒழுங்கின்மையை ஒழுங்காகவே செய்யும். இதற்கு உலகெங்கும் இக்கலைஞர் கையாளும் உபாயம் உப்பு. உப்பளங்களினிடையே வளர்ந்த எமக்கு இதனை முதலிற் படித்தபோது உண்டான மகிழ்ச்சி சொல்லுந்தரத்ததன்று.

செய்முறை வருமாறு. அடிநிறமாகச் சற்றுக் கருத்த சாம்பலைத் தூவி நன்கு உலரவிடுக. பின்னர்ப் பரப்பினை நீரால் நனைத்து, அதன்மேல் உப்பினை விரல்நுனியால் தூவுக. நீர் வற்றியவுடன் உப்பு மணிகள் விழுந்தவிடத்திலேயே பற்றிக்கொள்ளும். அவற்றின்மேல் வெளிறிய சாம்பலை மெல்லெனத் தூவி, அஃதும் உலர்ந்தபின், நனைத்த மயிர்க்குச்சால் உப்பைத் தேய்த்தெடுக்க, மணியிருந்த இடமெல்லாம் அடிநிறம் வெளிப்படும். எவரும் வரையாத திட்டுக்கள் அவை. கடைகளில் விற்கும் மேசையுப்பு எல்லா மணியும் ஒரே அளவாதலின் அம்மைத் தழும்பு போலாகிவிடும். எம் சிற்றப்பா உப்பளத்தில் வேலை செய்பவர். பாத்தியினின்றும் வாரிய கல்லுப்பை அம்மியில் ஒரே ஒரு சுற்று மட்டும் அரைத்து, பெரிதும் சிறிதும் பொடியுமாகக் கலந்து தந்தார். அதனினும் சிறந்த கருவி எமக்கு வாய்த்ததில்லை. ஒன்றை மறவற்க: தேய்த்தபின் நன்னீரால் இருமுறை கழுவுதல் இன்றியமையாதது. எஞ்சிய உப்பு ஈரத்தை இழுத்து, மேற்பூச்சின் அடியிற் கொப்புளமாக எழும். கடல்மேற் பறந்து மீளும் உண்மை விமானங்களையும் இக்காரணம் பற்றியே நன்னீராற் கழுவுகின்றனர். உப்புப் படிந்த உலோகம் அரிப்புண்ணும்.

அடுத்து அழுக்கு. விமானத்தின்மேல் அழுக்கு வரைதலை நகைப்புக்குரியதென்று எண்ணற்க. புத்தம்புதிதாகப் பளபளக்கும் உருவம் பொம்மையாகவே நிற்கும். உழைத்ததன் அடையாளங்கள் விழுந்தபின்னரே அது விமானமாகத் தோன்றும். ஆயின் அழுக்கிற்கும் இலக்கணம் உண்டு. ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருத்தல் வேண்டும். காரணம் யாதோ அதன் திசையே கறையின் திசை. கோட்டைப்பட்டினத்து விசைப்படகுகளின் பக்கங்களை நோக்கின், துருக்கறை ஆணியினின்றும் நேரே கீழ்நோக்கி ஒழுகியிருக்கும். அது மழையும் அலையும் வழித்த வழி. பறக்கும் விமானத்திலோ காற்றே மழையினும் வலிது. எண்ணெய் கசியின் அது பின்னோக்கி இழுபடும். தரையில் நிற்கும்பொழுது கசிந்ததே கீழ்நோக்கி ஒழுகும். இவ்விரண்டினையும் அறியாது சிறகின் மேல் மனம்போன போக்கிற் கோடிழுப்பவர், சந்தி தெரியாது செய்யுள் இயற்றுபவரை ஒப்பர்.

சுகோய் விமானத்தில் இக்காரண காரியத்தைக் காட்ட நல்ல இடங்கள் இரண்டு. ஒன்று பீரங்கி. 30 மில்லிமீட்டர்ப் பீரங்கியொன்று வலப்புறச் சிறகடியில் மட்டும் உளது; அதன் வாயருகே, வெடிக்கும் தீயினைத் தாங்குதற்பொருட்டு வண்ணம் பூசாத எஃகுத் தகடு பதித்திருப்பர். கரிப்புகை அங்கே மட்டும் படியும். இடப்புறத்திலும் அதே கறையை அழகுக்காகத் தீட்டுவோர் உளர். பீரங்கியில்லாத பக்கத்திற் புகை எங்ஙனம் வந்ததென அவரை வினவுதல் தகும். மற்றொன்று எஞ்சின்களைச் சூழ்ந்த பின்னுடல். அங்கு வெப்பத்தைத் தாங்கும் உலோகத் தகடுகள் வண்ணமின்றியே விடப்பட்டுள்ளன. சூடேறிய டைட்டானியத்தின்மேல் ஆக்ஸைடுப் படலம் உண்டாகி, அதன் கனத்துக்கேற்ப முதலில் வைக்கோல் நிறமும், பின் செம்பழுப்பும் ஊதாவும் நீலமும் தோன்றும். நீர்மேற் சிந்திய எண்ணெயின்கண் தோன்றும் வானவில் நிறங்களின் காரணமே இதற்குமாம் என்று பௌதிகம் பயிலும் நண்பர் விளக்கினார். இதனைத் தீட்ட முதலில் வெள்ளிநிறம் பூசி, ஒளியூடுருவும் மஞ்சள், பழுப்பு, நீலம் ஆகியவற்றைக் கண்ணுக்குத் தெரிந்துந் தெரியாமலும் ஒன்றன்மேலொன்றாகத் தூவுதல் வேண்டும். சிறிது மிஞ்சினும் மயிற்கழுத்தாகிவிடும்.

வட்டக்குறி, எண்கள் முதலியன ஒட்டுப்படங்களாக வரும். புறத்தே காவியும் நடுவே வெள்ளையும் அகத்தே பச்சையுமாகிய அவ்வட்டத்தை ஒட்டுமுன், பளபளப்பான மேற்பூச்சு ஒன்று கொடுத்தல் வேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டின் அடியிற் காற்றுத் தங்கி வெள்ளித்தாள்போல் மின்னும். ஒட்டியபின் மங்கற் பூச்சினால் அனைத்தையும் அடக்கலாம்.

எஞ்சியது ஏவுகணை. தஞ்சை அணியின் சிறப்பே 'பிரம்மோஸ்' ஏவுகணையைத் தாங்கிக் கடல்மேற் செல்லுதலாம். இரண்டரை டன் எடையுடைய அதனைச் சுகோய் விமானம் 2017 நவம்பர் 22-ஆம் நாள் வங்காள விரிகுடாவின்மேல் முதன்முதலாக ஏவிச் சோதித்தது. விமானத்தின் வயிற்றடியில், நடுவே, ஒன்று மட்டும் தொங்கும். அதனைப் பூட்டுவதா, நீக்கிவிடுவதா என்று யாம் பன்னாள் எண்ணினோம். பூட்டாவிடின் உருவம் பறவைபோல் எழிலுடையதாகும். பூட்டின் அஃது எதற்காகச் செய்யப்பட்டதென்பது மறையாது நிற்கும். கொல்லுங் கருவியை அழகுபடுத்துவதும் ஒரு கலையோ என்று எம் வீட்டிற் பெரியோர் வினவியதுண்டு. விடையிறுத்தல் எளிதன்று.

இந்நிலையில், எம்மோடு பயிலும் நண்பரொருவர் தம் அன்னையாரோடு எம் இல்லத்திற்கு வந்திருந்தார். இலங்கைப் போரினால் யாழ்ப்பாணத்தை விட்டுக் கடல் கடந்து வந்து, நம் மாவட்டத்து முகாமொன்றில் வாழுங் குடும்பம் அது. மீமிசலினின்றும் யாழ்ப்பாணம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். தஞ்சைக்கும் அதற்கும் தொலைவிற் பெரு வேறுபாடில்லை. இலங்கை விமானப்படை 1996-இல் கொணர்ந்த 'கிஃபிர்' என்னும் ஜெட் விமானத்தின் பெயரை ஈழத்தமிழர் 'கிபிர்' என்றே வழங்கினர். ஓசை கேட்ட அளவிற் பதுங்குகுழியை நாடி ஓடிய மக்களிடை அச்சத்திற்கே அது பெயராயிற்று. மேசைமேல் உலர்ந்துகொண்டிருந்த எம் விமானத்தை அவ்வம்மையார் சிறிதுபோது நோக்கினார். பின்னர், தம்பி, இதைத் திருப்பிக் காட்டுங்கோ என்றார். திருப்பிக் காட்டினோம். மேற்புறம் தமக்குப் புதிதாக இருக்கிறதென்றும், தாங்கள் கண்டதெல்லாம் அடிப்புறமே என்றும் கூறிவிட்டு, எம் தாயாரோடு அடுக்களைக்குச் சென்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இத்தொழிலில் ஈடுபட்டோர் அனைவரும் மேற்புறத்திற்கே உழைப்பர். மேசைமேல் வைத்தபின் அடிப்புறம் ஒருவர் கண்ணுக்கும் புலனாகாதாகலின், அங்கு ஒரே பூச்சோடு விடுத்தலும் வழக்கம். தொழில்முறையிற் பார்ப்பினும் இது முறையன்று. எண்ணெயும் நீர்மமும் ஒழுகித் தங்குவது அடிப்புறத்தே, சக்கரங்கள் வாரியெறியும் சேறு படிவது அங்கே, ஆய்வுக்கதவுகள் பலவும் அங்கே. யாம் ஏவுகணையைப் பூட்டினோம். அதற்குப் பளபளப்பு யாதும் கொடாது மங்கலாகவே விட்டோம். அடிப்புறத்தை மறுபடியும் உப்புத்தாளாற் றேய்த்து, மேற்புறத்திற்குச் செலவிட்ட நாட்களினும் இரட்டித்த நாட்களைச் செலவிட்டு, அடிநிறம் முதலாகப் புதிதாய்த் தீட்டினோம். சக்கரக் குழிகளின் உட்புறத்துக் குழாய்களை மெல்லிய செப்புக் கம்பியாற் செய்து பொருத்தினோம். எஞ்சின்களின் கீழே எண்ணெய்க் கறை பின்னோக்கி இழுபட்டிருப்பதையும், அவற்றின் நடுவே தரையில் நின்றபோது சொட்டிய இரண்டொரு துளிகள் வட்டமாக நிற்பதையும் உற்று நோக்குவார் காணலாம்.

இப்பொழுது அவ்விமானம் முகம்பார்க்கும் கண்ணாடித் துண்டொன்றின்மேல் நிற்கின்றது. குனிந்து நோக்குவார்க்கு அடிப்புறம் முழுதும் தெரியும். எம் ஊர்க் காற்றின் உப்பினால் அக்கண்ணாடி மூன்று நாளைக்கொருமுறை மங்கிவிடுகின்றது. ஈரத்துணியால் துடைத்து வருகின்றோம்.